ரியோகானில் ஓர் இரவு: கிளம்பும் முன் எல்லாரும் கேட்கும் கேள்விகள்

டோக்கியோவில் வேலைக்கு வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. ஊரிலிருந்து யார் வந்தாலும் "அந்த வெந்நீர் ஊற்று விடுதிக்கு எப்படிப் போவது?" என்று கேட்காமல் இருப்பதில்லை. அடுத்து வரும் கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருப்பதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். குசாட்சு என்ற ஊர் அடிக்கடி வரும். என் மாமியாரை அழைத்துப் போனது அங்கேதான்.

ரியோகான் என்பதும் ஹோட்டல்தானே? அப்படி என்ன வித்தியாசம்?

ரியோகான் என்பது ஜப்பானியப் பாரம்பரிய விடுதி. ஹோட்டலில் பெட்டியைப் போட்டுவிட்டு ஊர் சுற்றப் போவோம், இரவு வந்து விழுவோம். ரியோகானில் அப்படிச் செய்தால் கொடுத்த காசில் பாதி வீண். மூன்று மணிக்குப் போய்ச் சேர வேண்டும். டீயும் ஒரு சிறு இனிப்பும் வரும். குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், மறுபடி குளிக்க வேண்டும், தூங்கி எழுந்து காலையில் இன்னொரு முறை குளிக்க வேண்டும். அன்றைக்கு உங்களுக்கு வேறு வேலையே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. யமனாஷி மாநிலத்து மலைக்குள் இருக்கும் நிஷியாமா ஆன்சென் கெய்யுன்கான் என்ற விடுதி 705ஆம் ஆண்டில் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். உலகின் மிகப் பழைய ஹோட்டல் என்று கின்னஸில் இடம்பெற்றிருப்பது அதுதான்.

ஆன்சென் என்றால் என்ன? வெந்நீர்த் தொட்டி எல்லாமே ஆன்சென்தானா?

இல்லை. இதற்கு 1948இல் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள். நிலத்துக்கடியிலிருந்து வரும் நீர் ஊற்றுவாயில் 25 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அல்லது சட்டம் பட்டியலிட்ட 19 பொருள்களில் ஏதாவது ஒன்று குறிப்பிட்ட அளவு அதில் கலந்திருக்க வேண்டும். அப்போதுதான் அது ஆன்சென். குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி நிரப்பினால் அது வெறும் குளியல் தொட்டி. விடுதி ரியோகானாக இருப்பதாலேயே அங்கே ஆன்சென் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள், பதிவு செய்யும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

2004இல் நாகானோ மாநிலத்து ஷிராஹோனே ஆன்சென் என்ற ஊரில், பால் நிறத்துக்குப் பேர்போன தண்ணீரில் சில விடுதிகள் குளியல் பொடியைக் கலந்து வெள்ளையாக்கியது வெளியே வந்து பெரிய ரகளை ஆனது. அதற்கடுத்த ஆண்டிலிருந்து பச்சைத் தண்ணீர் சேர்க்கிறார்களா, சூடேற்றுகிறார்களா, அதே நீரைச் சுத்திகரித்துச் சுழற்றுகிறார்களா, கிருமிநாசினி போடுகிறார்களா என்பதையெல்லாம் பலகையில் எழுதி மாட்ட வேண்டும் என்று விதி வந்துவிட்டது. "கென்சென் காகெநாகாஷி" என்று போட்டிருந்தால், ஊற்றிலிருந்து வரும் நீர் தொட்டியில் விழுந்து வழிந்து போய்க்கொண்டே இருக்கிறது, திருப்பிப் பயன்படுத்துவதில்லை என்று பொருள். எனக்கு அறையின் அழகைவிட இந்த ஒரு சொல்தான் முக்கியம்.

எந்த ஊருக்குப் போகலாம்?

டோக்கியோவிலிருந்து சுலபம் என்றால் ஹகோனே. ஷிஞ்சுகுவில் ரொமான்ஸ்கார் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஹகோனே-யுமோட்டோ. ஆனால் கூட்டம் அதிகம், விலையும் அதிகம்.

ஒசாகா, கியோட்டோ பக்கம் இருப்பவர்களுக்கு கோபே நகரின் மலைக்குப் பின்னால் அரிமா. அங்கே இரும்புச்சத்து நிறைந்து செங்காவி நிறத்தில் வரும் நீரைத் "தங்க நீர்" என்றும், நிறமில்லாததை "வெள்ளி நீர்" என்றும் சொல்வார்கள். தங்க நீரில் வெள்ளைத் துண்டை நனைத்தால் அது வெள்ளைத் துண்டாகத் திரும்பி வராது. ஹியோகோ மாநிலத்தின் கினோசாகி இன்னொரு மாதிரி. விடுதிக்குள்ளேயே அடைந்து கிடக்காமல், மாலையில் மரச்செருப்பு சத்தம் போட ஊரின் பொதுக் குளியல் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போவதுதான் அங்கே வழக்கம். கால்வாய் ஓரம், வில்லோ மரங்கள், தெரு முழுக்க யுகாட்டா என்ற பருத்தி அங்கி போட்ட ஜனம்.

எனக்குப் பிடித்தது குன்மா மாநிலத்து குசாட்சு. ஊர் நடுவில் "யுபதாகே", அதாவது வெந்நீர் வயல். மரக்கால்வாய்கள் வழியாக ஆவி பறக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். பேருந்தை விட்டு இறங்கியதும் கந்தக வாடை மூக்கில் ஏறும். ஊற்று ஐம்பது டிகிரிக்கு மேல் கொதிப்பதால் அப்படியே இறங்க முடியாது. பச்சைத் தண்ணீர் விட்டால் சத்து குறையும். அதனால் ஆள் உயரப் பலகைகளால் தண்ணீரைப் புரட்டிப் புரட்டி ஆற்றுகிற வழக்கம் வந்தது. நாம் காப்பியை டபராவில் ஆற்றுவதை ஒரு தொட்டி அளவுக்குச் செய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். இன்று அதைப் பாட்டோடு காட்சியாகவே நடத்துகிறார்கள்.

எவ்வளவு செலவாகும்?

அறைக்கு இவ்வளவு என்று இல்லை, தலைக்கு இவ்வளவு. இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்து ஒருவருக்கு 15,000 முதல் 30,000 யென் வரை கொடுத்தால் நல்ல இடமே கிடைக்கும். அதற்கு மேல் வானமே எல்லை. சனிக்கிழமை இரவும் விடுமுறைக்கு முந்தைய இரவும் விலை ஏறிவிடும், முடிந்தால் செவ்வாய், புதன் பாருங்கள். இதுபோக ஆன்சென் வரி என்று தலைக்குப் பெரும்பாலும் 150 யென் தனியாக வாங்குவார்கள்.

தனி ஆளாகப் போனால் சில விடுதிகள் இடம் தருவதில்லை. ரத்து செய்யும் விதியையும் படித்துவிடுங்கள். உங்கள் பேரைச் சொல்லித்தான் மீனும் காய்கறியும் வாங்குகிறார்கள், கடைசி நேரத்தில் ரத்து செய்தால் முழுக் கட்டணமும் போய்விடலாம்.

கொஞ்சம் தாமதமாகப் போனால் என்ன ஆகிவிடும்?

பட்டினி. இதை அனுபவத்தில் சொல்கிறேன். முதல் முறை ஹகோனேவில், ஏரியைப் பார்த்துவிட்டு சாவகாசமாக எட்டு மணிக்குப் போய் நின்றோம். சமையலறையைச் சாத்திவிட்டார்கள். தப்பு முழுக்க எங்கள்மேல்தான், கடைசிப் பந்தி ஏழு மணி என்று பதிவுச் சீட்டிலேயே இருந்தது. விடுதி அம்மாள் முகம் வாடிப்போய், இரண்டு சோற்று உருண்டைகளை வாழைப்பழத்தோடு தட்டில் வைத்துக் கொண்டு வந்தார். பத்து வகைப் பதார்த்தத்துக்குப் பணம் கட்டிவிட்டு உருண்டைச் சோறு சாப்பிட்ட இரவு அது. ஐந்து மணிக்குள் போய்விடுங்கள். தாமதமாகும் என்று தெரிந்தால் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். மறுநாள் பத்து மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

உள்ளே நுழைந்ததும் செருப்பு, அறை விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

வாசலில் செருப்பைக் கழற்றுவது நமக்குப் புதிதில்லை. அதற்குப் பிறகுதான் குழப்பம். நடைபாதைக்கு ஒரு ஸ்லிப்பர் தருவார்கள். தத்தாமி பாய் விரித்த அறைக்குள் அதையும் போடக் கூடாது, வெறுங்காலோ காலுறையோதான். கழிவறைக்குள் வேறொரு ஸ்லிப்பர் இருக்கும், அது அங்கேயே இருக்க வேண்டும். என் கணவர் கழிவறை ஸ்லிப்பரோடு பாய்மேல் வந்து நின்றதை எங்கள் வீட்டில் இன்னும் யாரும் மறக்கவில்லை.

தத்தாமி என்பது ஒருவகைக் கோரையில் நெய்த கனத்த பாய். புதிதாக மாற்றியிருந்தால் அறையைத் திறந்ததும் புதுப் பாய் வாசனை அடிக்கும். அதன்மேல் சக்கரப் பெட்டியை உருட்டாதீர்கள். சுவரை ஒட்டி ஒரு மேடை, அதில் ஒரு ஓவியச் சுருள், பூ என்று இருக்கும். அது தொகோனோமா. பை வைக்க வசதியான திண்ணை மாதிரிதான் தெரியும், ஆனால் வைக்கக் கூடாது. நம் வீட்டுப் பூஜை மாடத்தில் யாராவது ஹேண்ட்பேக்கை வைத்தால் எப்படி இருக்கும், அப்படி.

யுகாட்டாவை எப்படிக் கட்டுவது?

இடது பக்கம் மேலே வர வேண்டும். இது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், ஏனென்றால் வலது பக்கம் மேலே வரும்படி உடுத்துவது இறந்தவருக்கு. அதன்மேல் கச்சையைக் கட்டிக்கொண்டால் முடிந்தது. சாப்பாட்டுக் கூடம், நடைபாதை, தோட்டம் எல்லா இடத்துக்கும் இதுவே உடை. குளிர் காலத்தில் மேலே போட ஒரு குட்டை அங்கியும் தருவார்கள்.

நிஜமாகவே துணி இல்லாமல்தான் குளிக்க வேண்டுமா?

ஆமாம். நீச்சல் உடையும் கூடாது. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. வாசலில் தொங்கும் துணித் திரையில் பெரும்பாலும் ஆண்களுக்கு நீலம், பெண்களுக்குச் சிவப்பு. எழுத்தையும் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்: நான்கு கட்டம் போட்ட வயலுக்குக் கீழே கால் முளைத்தது போல இருந்தால் ஆண்கள். ஒருவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தது போல இருந்தால் பெண்கள். முதல் நாள் இரவு போன இடத்துக்கே காலையில் கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள். பல விடுதிகளில் இரண்டு பக்கத்தையும் எல்லாரும் பார்க்கட்டும் என்று இரவோடு இரவாகத் திரையை மாற்றி மாட்டிவிடுவார்கள்.

கூச்சம் இருக்கத்தான் செய்யும். என் அத்தை, அதாவது மாமியார், குசாட்சுவில் உடை மாற்றும் அறை வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "நீ போம்மா, நான் ரூம்லயே வாளில ஊத்திக்கிறேன்" என்று திரும்பிவிட்டார். அறையில் வாளியும் இல்லை. தனியாகப் பூட்டிக்கொண்டு குளிக்கும் "காஷிகிரி" தொட்டியைக் கேட்டால் அன்றைக்கு எல்லா நேரமும் பதிவாகியிருந்தது.

மறுநாள் விடிகாலை ஐந்தரைக்கு, ஒருவரும் இருக்க மாட்டார்கள் என்று சொல்லி அழைத்துப் போனேன். யாரும் இல்லைதான். அத்தை கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, வெளியே மரத்தில் பனி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். உடம்பைத் தேய்த்துக் கழுவினார், தண்ணீரில் இறங்கினார், சின்னத் துண்டை நான்காக மடித்துத் தலைமேல் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். அத்தையும் தன் துண்டை எடுத்து மடித்துத் தலையில் வைத்துக்கொண்டார். அப்புறம் பத்து நிமிடம் அவர் ஜப்பானியத்திலும் இவர் தமிழிலும் முழங்காலைத் தொட்டுக் காட்டிப் பேசிக்கொண்டார்கள். நான் மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே வரவில்லை.

அப்படியும் மனம் வராதவர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று காஷிகிரி, போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக நேரம் பதிவு செய்துவிடுங்கள். இன்னொன்று, அறையோடு சேர்ந்த திறந்தவெளித் தொட்டி. விலை கூடும், ஆனால் புதுமணத் தம்பதிகளுக்கு இதைத்தான் சொல்வேன்.

குளிக்கும் முறை என்ன?

தொட்டி உடம்பைக் கழுவ இல்லை. கழுவிய உடம்போடு ஊறுவதற்கு. சுவரோரம் குட்டி முக்காலி, கைக்குழாய், சோப்பு, ஷாம்பு எல்லாம் வரிசையாக இருக்கும். உட்கார்ந்து தேய்த்துக் குளியுங்கள். நின்றபடி குளித்தால் பக்கத்தில் இருப்பவர்மேல் தெறிக்கும். தலையில் தேங்காய் எண்ணெய் வைத்திருந்தால் நன்றாக அலசிவிடுங்கள், நீளமான கூந்தலைத் தூக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். முடியோ துண்டோ தொட்டி நீரில் படக் கூடாது. நீச்சல் அடிக்கக் கூடாது. செல்போனை உடை மாற்றும் அறையிலேயே எடுக்கக் கூடாது, தொட்டிப் பக்கம் கேட்கவே வேண்டாம்.

நீர் பெரும்பாலும் 40, 42 டிகிரி. கேட்கச் சின்ன எண்ணாக இருக்கும், கால் வைத்தால் தெரியும். முதலில் கை கால்களில் மொண்டு ஊற்றிப் பழக்கிக்கொண்டு மெல்ல இறங்குங்கள். ஐந்து பத்து நிமிடம் போதும், ஏறி உட்கார்ந்து ஆறிவிட்டு மறுபடி இறங்கலாம். எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு வருமே ஒரு சொக்கல், அது இங்கேயும் வரும். வெளியே வரும் முன் சின்னத் துண்டால் உடம்பைத் துடைத்துவிட்டு உடை மாற்றும் அறைக்கு வாருங்கள், தரை நனைவதை அவர்கள் விரும்புவதில்லை.

தாலி, மெட்டி, கொலுசு எல்லாம் கழற்ற வேண்டுமா?

வெள்ளி என்றால் கட்டாயம் கழற்றுங்கள். கந்தக நீரில் வெள்ளி கறுத்துவிடும். நான் குசாட்சுவில் மெட்டியோடு இறங்கினேன். இரவு பார்த்தபோது இரண்டும் அடுப்புக்கரி நிறம். பற்பசை போட்டுத் தேய்த்தும் முழுசாகப் போகவில்லை. தங்கத்தைக் கந்தகம் ஒன்றும் செய்யாது. ஆனால் நம் நகைத் தங்கத்தில் செம்பும் வெள்ளியும் கலந்திருப்பதால் மங்க இடமுண்டு. தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லை என்றால் கந்தகம் இல்லாத ஊற்றாகப் பார்த்துப் போவதுதான் வழி.

குசாட்சு நீர் கடுமையான அமிலமும்கூட, பிஎச் அளவு 2 பக்கம். புதிதாகச் சவரம் செய்த இடமும் சிராய்ப்பும் எரியும், கண்ணில் பட்டால் சொல்லவே வேண்டாம். மென்மையான தோல் உள்ளவர்கள் கடைசியில் நல்ல தண்ணீரில் ஒரு முறை ஊற்றிக்கொள்ளுங்கள்.

பச்சை குத்தியிருக்கிறேன். விடுவார்களா?

பல இடங்களில் மாட்டார்கள். பச்சை என்றாலே யகூசா என்ற குற்றக் கும்பல் நினைவு வருகிற ஊர் இது. கையில் பாட்டி காலத்துக் கோலப் பச்சைதான் என்று விளக்கினால் புரிந்துகொள்ளலாம், ஆனால் விதி விதிதான். சின்னதாக இருந்தால் மறைக்க ஒட்டுத்தாள் விற்கிறார்கள். கினோசாகியின் பொதுக் குளியல் வீடுகளில் பச்சைக்குத் தடையில்லை. இல்லையென்றால் காஷிகிரி.

ரத்த அழுத்தம், மாதவிடாய், கர்ப்பம், சின்னப் பிள்ளைகள்?

இதய நோய், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். குடித்த பிறகு இறங்கவே கூடாது. வெறும் வயிறும் வேண்டாம். வந்ததும் தரும் அந்த இனிப்பைச் சாப்பிட்டுவிட்டே போங்கள், மயக்கம் வராது. மாதவிடாய் நாட்களில் பொதுத் தொட்டியைத் தவிர்ப்பதுதான் மரியாதை. கர்ப்பிணிகள் கூடாது என்று முன்பு ஆன்சென் எச்சரிக்கைப் பலகையிலேயே இருந்தது. 2014இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் அதை எடுத்துவிட்டது. ஆனால் வழுக்கும் தரையும் அதிகச் சூடும் அப்படியேதான் இருக்கின்றன. டயப்பர் போடும் வயதுக் குழந்தைக்குப் பொதுத் தொட்டியில் பெரும்பாலும் இடமில்லை. ஏழு வயதை ஒட்டிய பையன் அம்மாவோடு பெண்கள் பக்கம் வர முடியாது, அப்பாவோடு அனுப்புங்கள்.

நாங்கள் சைவம். சாப்பிட ஏதாவது கிடைக்குமா?

எல்லாக் கேள்வியிலும் இதுதான் சிக்கலானது. ரியோகான் சாப்பாட்டின் பேர் கைசெகி. கையகலக் கிண்ணங்களில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வேகவைத்தது, சுட்டது, பொரித்தது, பச்சை மீன், சூப், கடைசியில் சோறும் ஊறுகாயும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் கத்திரிக்காய்கூடச் சைவமில்லை. ஏனென்றால் அது வேகும் சாறு தாஷி, பெரும்பாலும் காய்ந்த கட்சுவோ மீனைச் சீவிப் போட்டு எடுத்தது. "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் மீனை எடுத்துவிட்டு அதே சாற்றில் வெந்த காயைச் சிரித்த முகத்தோடு கொண்டு வந்து வைப்பார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை, அதை அவர்கள் மீனாக நினைப்பதே இல்லை.

அதனால் பதிவு செய்யும்போதே எழுதுங்கள்: "நிகு மோ சகானா மோ கட்சுவோ தாஷி மோ தாபெராரெமாசென்." கறி, மீன், மீன் சாறு மூன்றும் சாப்பிட மாட்டோம் என்று பொருள். கொம்பு என்ற கடற்பாசியிலோ ஷீதாகே காளானிலோ சாறு எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். முடியும், முடியாது என்று நேர்மையாகப் பதில் வரும். முடியாது என்றால் வருத்தப்படாமல் வேறு விடுதி பாருங்கள். போய் இறங்கிய பிறகு சொன்னால் சமையல்காரரால் எதுவும் செய்ய முடியாது.

சாப்பாடில்லாமல் அறை மட்டும் எடுக்கலாம், "சுதோமாரி" என்பார்கள். ஆனால் ஆன்சென் ஊர்களில் கடைகள் சீக்கிரம் மூடிவிடும். நாங்கள் குசாட்சுவில் அப்படித்தான் செய்தோம். அத்தை கொண்டு வந்த புளிக்காய்ச்சலைக் கடையில் வாங்கிய வெறும் சோற்றில் பிசைந்து, ஜன்னலைத் திறந்து வைத்துச் சாப்பிட்டோம். வாசனை பாயில் ஏறிவிடக் கூடாதே என்ற பயம்.

கலப்பில்லாத சைவம்தான் வேண்டும் என்றால் ரியோகானை விட்டுவிட்டு கோயாசானுக்குப் போங்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் கூகாய் என்ற துறவி நிறுவிய மலை அது. ஐம்பதுக்கும் மேற்பட்ட கோயில்களில் தங்கலாம். அங்கே துறவிகள் உண்ணும் ஷோஜின் சமையலில் கறி, மீன் மட்டுமில்லை, வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. எள்ளில் செய்த தோஃபுவை என் அத்தை இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கினார். தொட்டி பெரும்பாலான கோயில்களில் சாதாரண வெந்நீர்தான், ஆன்சென் இல்லை.

தரையில் படுக்க முடியுமா? முழங்கால் வலி உள்ளவர்கள் என்ன செய்வது?

நீங்கள் சாப்பிடப் போயிருக்கும்போது அறைக்கு வந்து ஃபுதோன் மெத்தையை விரித்துவிடுவார்கள். பாயில் படுத்து வளர்ந்தவர்களுக்குச் சொகுசுதான். எழுந்திருக்கச் சிரமப்படுபவர்களுக்குக் கட்டில் போட்ட அறை கேளுங்கள், இப்போது நிறைய விடுதிகளில் இருக்கிறது. சாப்பாட்டுக்கும் நாற்காலி, மேசை கேட்கலாம். பழைய கட்டடங்களில் பக்கத்து அறைக் குறட்டை கேட்கும். நம் குறட்டையும் அவர்களுக்குக் கேட்கும்.

டிப்ஸ் கொடுக்க வேண்டுமா? யுகாட்டாவை எடுத்துக்கொள்ளலாமா?

டிப்ஸ் வேண்டாம். "அரிகாதோ கோசாய்மஷ்தா" என்று தலையைத் தாழ்த்தினால் போதும். யுகாட்டாவை வைத்துவிட்டு வாருங்கள், பிடித்திருந்தால் கீழே கடையில் விற்பார்கள். விடுதிப் பேர் அச்சடித்த மெல்லிய சின்னத் துண்டை மட்டும் பெரும்பாலும் கொண்டு போகலாம், இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எங்களுடையதை அத்தை திருச்சிக்கு எடுத்துப் போய்விட்டார். வீடியோ காலில் பார்த்தால், தலைக்குக் குளித்துவிட்டு அதைத்தான் நான்காக மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.